அரை மணித்தியாலத் தூரத்துப் புளோரிடா

என் கணவருக்கு நேரில் பொய் சொல்ல வராது. முகம் காட்டிக் கொடுத்துவிடும். ரெலிபோனில் என்றால் மனிதர் வேறு ஆள். அந்த வசந்தகாலத்து ஞாயிற்றுக்கிழமை அவருடைய பெரியப்பாவின் மகள், எனக்கு மச்சாள், அழைத்தபோது நான் குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். இவர் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு முருங்கைக்காய் உடைத்துக்கொண்டிருந்தார்.

மச்சாளின் ஒரே மகளுக்குச் சாமத்திய வீடு, பெரியபிள்ளையான கொண்டாட்டம். ஆவணி மாதத்து லோங் வீக்கெண்டில், சனிக்கிழமை. மண்டபம் எடுத்தாயிற்று என்று எங்களுக்கு ஏற்கெனவே தெரியும். தெரியாத விசயத்தை மச்சாள் அன்றைக்குத்தான் சொன்னார்.

"தம்பி, உன்னையும் மனுசியையும் முதல் வரிசையில போட்டிருக்கிறன்."

"சாப்பாட்டுக்கோ அக்கா?" என்று இவர் ஆவலாகக் கேட்டார்.

"இல்லையடா, டான்சுக்கு. பிள்ளை வரமுதல் சோடி சோடியா ஆடிக்கொண்டு வரவேணும். பொம்பிளையளுக்கு லவெண்டர் சாறி. உங்களுக்கு லவெண்டர் குர்தா. ஒவ்வொரு ஞாயிறும் மாக்கத்தில பிராக்ரிஸ்."

இவர் ரொறன்ரோவில் பஸ் ஓட்டுகிறவர். இடுப்பு என்று ஒன்று அவருக்கு இருப்பது பெல்ற் கட்டுவதற்காக மட்டும்தான். கையில் இருந்த முருங்கைக்காயைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். பிறகு, ஏற்கெனவே எழுதி வைத்ததை வாசிப்பதுபோலச் சொன்னார்.

"ஐயோ அக்கா, நாங்கள் அந்த நேரம் இஞ்சை நிக்கமாட்டம். புளோரிடா போறம்."

நான் மீன் கத்தியோடு திரும்பினேன்.

"புளோரிடாவோ? பிளேனிலயோ?"

"இல்லையக்கா. ஆர்.வி., உந்தப் படுக்கை, குசினியெல்லாம் உள்ள பெரிய வான் எடுத்துக்கொண்டு. குடும்பமா. காம்பிங்."

காம்பிங்! எங்கள் சனத்துக்குக் காம்ப் என்றால் ஒன்று ஆமிக்காம்ப், மற்றது அகதிக் காம்ப். இரண்டுக்கும் விரும்பிப் போன ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆனால் மச்சாள் நம்பிவிட்டார். கொஞ்சம் சோர்ந்த குரலில், "சரி, உன்ர பிள்ளைக்கும் மாற்றம் வேணும்தானே. படம் எடுத்துப் போடு என்ன," என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த "படம் எடுத்துப் போடு" என்பதில்தான் நாங்கள் விழுந்தோம்.

அதோடு வீட்டுக்குள் ஒளிந்திருக்கவும் வழியில்லை. நாங்கள் ஸ்காபரோவில், மல்வேர்னில் இருக்கிறது வரிசை வீடு. எதிர் வரிசையில் மச்சாளின் கொழுந்தன் இருக்கிறார். அவர் மனுசிக்கு எங்கள் குப்பைத்தொட்டி எப்போது வெளியே வருகிறது, எப்போது உள்ளே போகிறது என்பதுகூடத் தெரியும். நாலு நாள் திரைச்சீலையை மூடிக்கொண்டு மூச்சுவிடாமல் இருக்கலாமா என்று இவர் உண்மையிலேயே கொஞ்ச நேரம் யோசித்தார். மகள் மறுத்துவிட்டாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. மூச்சு விடுவதைவிட முக்கியமான வேலைகள் வீட்டுக்கு வெளியே இருந்தன.

"அப்ப உண்மையா ஒரு ஆர்.வி. எடுப்பம்," என்றார் இவர்.

"எடுத்து?"

"போவம்."

புளோரிடாவுக்கு இரண்டு நாள் ஓட்டம். இவருக்குக் கிடைத்தது லோங் வீக்கெண்டும் அதற்கு முன்னால் ஒரு வெள்ளியும் மட்டும். ஆகவே நகரத்துக்கு வடக்கே, பெரிய தீம் பார்க் ஒன்றுக்குப் பக்கத்தில், ஆர்.வி.கள் நிறுத்துகிற காம்ப்கிரவுண்டைக் கண்டுபிடித்தார். எங்கள் வீட்டிலிருந்து ஹைவேயில் அரை மணித்தியாலம். மகள் சொன்னாள், "அப்பா, அது என்ர ஃபிரெண்டின்ர வீட்டைவிடக் கிட்ட."

வெள்ளிக்கிழமை காலையில் அந்தச் சாமான் எங்கள் வாசலுக்கு வந்தது. வெள்ளை நிறம். பக்கவாட்டில் மலை, மலைக்கு மேல் ஒரு பருந்து. உள்ளே கட்டில், மேசை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, மூலையில் கக்கூசு. கனடாவுக்கு வந்த புதிதில் பார்க்டேலில் ஐந்து பேர் சேர்ந்து இருந்த அறையைவிட இதற்குள் கதவுகள் கூடுதல். எதிர்வீட்டு மனுசி யன்னலில் நின்று பார்ப்பது தெரிந்தது. இவர் சத்தம் போட்டுச் சொன்னார், "கனதூரம் போகவேணும், கெதியா ஏறுங்கோ!"

முதலில் போனது றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு. புது வாகனத்துக்குப் பூசை செய்யாமல் இவர் ஒரு சைக்கிளில்கூட ஏறமாட்டார். வாடகை வாகனமாக இருந்தாலும் பரவாயில்லையாம். "ஆரும் தெரிஞ்ச ஆக்கள் கண்டாலும் நல்லம்," என்றார் மெதுவாக. "வெளிக்கிட்டதுக்குச் சாட்சி."

ஐயர் தேங்காயும் தட்டுமாக வெளியே வந்து, அந்தப் பருந்தை அண்ணாந்து பார்த்தார். கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அடுப்பைக் கண்டதும் யோசித்தார்.

"இது வாகனமோ, வீடோ?"

இவர் என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

"இரண்டும்தான் ஐயா."

ஆகவே இரண்டும் நடந்தது. சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்தோம். பிறகு உள்ளே போய் வலதுகாலை வைத்து, ஆர்.வி. அடுப்பில் பால் காய்ச்சினோம். பால் பொங்குகிற நேரம் பார்த்துப் புகை அலாரம் கத்தத் தொடங்கியது. மகள் வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டு துவாயால் அதை விசிறி நிறுத்தினாள். அவ்வளவும் ஒரு கோயில் பார்க்கிங் லொட்டில், வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு நடுவில்.

பெரிய வாகனம் ஓட்டுவது இவருக்குப் புதிதில்லை. அதுதான் பிரச்சினை. றோட்டோரத்தில் பஸ் தரிப்பிடம் கண்டால் கை தானாகவே வலப்பக்கம் திருப்பியது. ஓரிடத்தில் குடையோடு நின்ற ஒரு சீனத்து அம்மா கையைக் காட்ட, இவர் நிறுத்தியே விட்டார். அந்த அம்மா பருந்துக்குப் பக்கத்தில் கதவைத் தேடிக்கொண்டு நின்றார். மகள் முன் யன்னலால் தலையை நீட்டி மன்னிப்புக் கேட்டாள். அதற்குப் பிறகு பார்க் வரும்வரை ஒருவரும் இவரோடு கதைக்கவில்லை.

காம்ப்கிரவுண்ட் ஒரு பெரிய புல்வெளி. வேலிக்கு அந்தப் பக்கம் றோலர் கோஸ்டர் ஒன்று மலைபோல நின்றது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பெட்டி உச்சிக்கு ஏறும். ஒரு கணம் அமைதி. பிறகு ஒரு கூட்டம் சனம் உயிர் போவதுபோலக் குளறும். நான் முதல் தடவை சட்டியைக் கை நழுவ விட்டேன். பின்னேரம் ஆகும்போது அந்தக் குளறலுக்கு நடுவிலேயே வெங்காயம் உரிக்கப் பழகிவிட்டேன்.

சனிக்கிழமை காலை பார்க்குக்குள் போனோம். இவருக்கு ஒரே ஒரு வேலைதான் மனதில் இருந்தது. தண்ணீர்ப் பூங்காப் பக்கம் பிளாஸ்டிக்கில் செய்த தென்னைமரங்கள் வரிசையாக நிற்கின்றன என்று வரைபடத்தில் பார்த்து வைத்திருந்தார். நேரே அங்கே போய், எங்கள் இரண்டு பேரையும் மரத்தோடு சாத்தி நிறுத்தினார். கறுப்புக் கண்ணாடி போடச் சொன்னார். பின்னால் றோலர் கோஸ்டர் தெரியாமல் இருக்க, தான் நிலத்தில் மல்லாந்து படுத்து, ஆகாயமும் ஓலையும் எங்கள் மூக்குத் துவாரங்களும் மட்டும் வரும்படி படம் எடுத்தார்.

"அப்பா, திஸ் இஸ் லிற்றறலி லையிங்," என்றாள் மகள்.

"நான் ஒண்டும் எழுதேல்லையே. படம் மட்டும்தானே போடுறன்."

குடும்ப வட்சப்பில் படம் போனது. உடனே வாழ்த்துகள் வந்தன. மொன்றியலிலிருந்து, லண்டனிலிருந்து. மச்சாளே மண்டபத்துக்குப் போகிற அவசரத்தில், "நல்ல வெயில் போல. மிஸ் யூ" என்று ஒரு பூவோடு போட்டிருந்தார். இவர் அதை வாசித்துவிட்டு ரெலிபோனைப் பொக்கற்றுக்குள் வைத்தார். முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு ஐஸ்கிரீம் வாங்கப் போய்விட்டார்.

நானும் மகளும் சறுக்குக் குழாய்கள் வந்து முடிகிற குளத்தின் ஓரத்தில் நின்றோம். மேலே எங்கேயோ ஒரு குளறல் கேட்டது. குழாய்க்குள்ளால் அது சுற்றிச் சுற்றி இறங்கி வந்தது. "ஓ... முருகா..." என்று தமிழில் இருந்தது. ஒரு மஞ்சள் றப்பர் வளையம் குழாயிலிருந்து பாய்ந்து, தண்ணீரைக் கிழித்து, என் காலடிச் சுவரில் மோதி நின்றது. வளையத்துக்குள் மடங்கிக் கிடந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

எங்கள் சித்தப்பா.

இவருடைய சொந்தச் சித்தப்பாதான். எழுபது தாண்டியவர். முழங்கால் இரண்டும் போய்விட்டது, மண்டபத்துப் படி ஏறவே முடியாது, என்னை மன்னித்துக்கொள் பிள்ளை என்று மச்சாளுக்குப் போன கிழமைதான் அழாக்குறையாகச் சொன்னவர். இப்போது நீலப்பூப்போட்ட அரைக்காற்சட்டையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதே நேரம் மூன்று ஐஸ்கிரீமோடு இவரும் வந்து சேர்ந்தார்.

"நீங்கள் புளோரிடாவில எல்லோ?" என்றார் சித்தப்பா.

"உங்கட முழங்கால் எப்பிடிச் சித்தப்பா?" என்றார் இவர்.

 ஐஸ்கிரீம் உருகி இவருடைய முழங்கை வழியாக இறங்கியது.

"தண்ணிக்குள்ள முழங்கால் நோகாது," என்று சொல்லிக்கொண்டு சித்தப்பா வளையத்திலிருந்து எழும்பினார். "அதில ஒண்டைத் தா."

அவரிடம் சீசன் பாஸ் இருந்தது. வேலையை விட்ட பிறகு மகன் அவரை முதியோர் சங்கம் ஒன்றில் சேர்த்துவிட்டிருக்கிறார். அங்கே போனால் எல்லாரும் தங்கள் தங்கள் கொலஸ்ட்ரோலைப் பற்றியே கதைத்தார்களாம். சித்தப்பா ஒரு நாள் பஸ் மாறி ஏறி, இங்கே வந்து இறங்கியிருக்கிறார். அதிலிருந்து கோடை முழுக்கக் கிழமைக்கு இரண்டு தரம் வருகிறாராம். காலநிலை சரியில்லாத நாட்களில் மட்டும் சங்கம். "ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையுங்கோ," என்றார். "சொன்னால் எல்லாரும் கூட வருவாங்கள்."

பிறகு குரலைத் தாழ்த்தி, "மொன்றியல்காரரும் உள்ளதான் நிக்கினம். தெரியுமோ?" என்றார்.

மொன்றியல்காரர் என்றால் மொன்றியலில் இருக்கிறவர்கள் இல்லை. ஸ்காபரோவில் எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிற ஒரு சொந்தக்காரச் சோடி. அவர்களும் லவெண்டரில் ஆட வேண்டியவர்கள். மொன்றியலில் ஒரு செத்தவீடு என்று மச்சாளுக்குச் சொல்லிவிட்டுத் தப்பியவர்கள். முதல்நாள் சித்தப்பா அவர்களை வாசலில் கண்டிருக்கிறார். அந்த மனுசன் அவரைக் கண்டதும் மிக்கிமூஞ்சித் தொப்பியை முகத்துக்கு இழுத்துக்கொண்டு குப்பைத்தொட்டிக்குப் பின்னால் போய்விட்டாராம். "செத்தவீட்டுக்காரர் எண்டால் கொஞ்சமாவது அழவேணும்," என்றார் சித்தப்பா.

மத்தியானத்துக்குள் அவர்களையும் பிடித்துவிட்டோம்.  பிறகு மொன்றியல்காரரின் மனுசிதான் முதலில் வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிக்கத் தொடங்கியதும் ஒருவராலும் நிறுத்த முடியவில்லை.

பின்னேரம் எல்லாரும் எங்கள் ஆர்.வி.க்கு வந்தார்கள். நான் ஆட்டிறைச்சி சமைத்தேன். மொன்றியல்காரர் கோழிக்கால் சுட்டார். அந்த ஆர்.வி.யின் வெளிச்சுவரில், பருந்துக்குக் கீழே, ஒரு மூடியைத் திறந்தால் ரீ.வி. இருந்தது. மகள் தன் ரெலிபோனை அதோடு இணைத்தாள். "லைவ் போகுது," என்றாள்.

சாமத்திய வீடு நேரடி ஒளிபரப்பு. லண்டன், பாரிஸ் சொந்தங்களுக்காகச் செய்தது. நாங்கள் அரை மணித்தியாலத் தூரத்தில் கதிரை போட்டு, மடியில் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துக்கொண்டு பார்த்தோம்.

நாங்கள் நல்லவர்கள் மாதிரி நடந்துகொண்டோம் என்று சொல்லமாட்டேன். சித்தப்பா ஒவ்வொருவருடைய தொப்பையையும் அடையாளம் கண்டு பெயர் சொன்னார். போன சாமத்திய வீட்டில் இருந்ததைவிட ஒரு மாமாவின் தலைமயிர் முன்னால் நகர்ந்திருப்பதை மொன்றியல்காரர் கண்டுபிடித்தார். பிள்ளையை அன்னப்பறவை வடிவில் செய்த வண்டியில் ஏற்றி உருட்டிக்கொண்டு வந்தார்கள். புகை இயந்திரம் முழுமூச்சில் வேலை செய்ததில் அன்னத்தின் கழுத்து மட்டும் தெரிந்தது. பிள்ளையைக் காணவில்லை. அறிவிப்பாளர் செந்தமிழில், "இதோ, நிலவென வருகிறாள்!" என்று முழங்குகிற நேரம் மண்டபத்தில் தீயணைப்பு அலாரம் அடிக்கத் தொடங்கியது. வேலிக்கு அந்தப்பக்கம் றோலர் கோஸ்டரும் அப்போதுதான் குளறியது. நாங்கள் கதிரைகளில் புரண்டு சிரித்தோம்.

அதற்குப் பிறகு டான்சைப் போட்டார்கள். ஆடுகிறவர்கள் குறைந்ததில் ஒழுங்கு மாறிவிட்டதுபோல. லவெண்டர் சோடிகள் வரிசையாக வந்தன. முதல் வரிசையில் இரண்டு சோடி குறைந்திருந்தது. ஒரு இடத்தில் யாரோ ஒரு வயதுபோன அன்ரியை இழுத்து விட்டிருந்தார்கள். மற்ற இடத்தில் மச்சாளே ஆடினார். பட்டுச் சாறியும் நகையுமாக, வேர்த்து விறுவிறுத்து, அடி தெரியாமல் பக்கத்தில் நின்றவரின் காலைப் பார்த்துப் பார்த்து ஆடினார். அத்தான், அவருடைய கணவர், ஒரு பாட்டுப் பிந்தி வந்து சேர்ந்தார். கமெரா கிட்டப் போனபோது மச்சாள் சட்டென்று பல்லைக் காட்டிச் சிரித்தார். கமெரா விலகியதும் அந்தச் சிரிப்பு இல்லை.

 சித்தப்பா எலும்பைக் கோப்பையில் வைத்தார். "இறைச்சி கொஞ்சம் வேகேல்லை போல," என்றார். இறைச்சி நன்றாகத்தான் வெந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் வாசல் படியில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு சாம்பல் நிறக் கார் மெல்ல மெல்ல ஒவ்வொரு ஆர்.வி.யாகப் பார்த்துக்கொண்டு வந்து, எங்கள் பருந்துக்கு முன்னால் நின்றது. மச்சாள் இறங்கினார். வீட்டுச் சட்டை, செருப்பு. ஆனால் தலை மட்டும் நேற்றைய தலை. கோபுரம்போலக் கட்டிய கொண்டை, ஸ்பிறே அடித்து இறுகிப்போய், காற்றுக்கு அசையாமல் நின்றது. மற்றப் பக்கத்தால் அவர் மகள், நாங்கள் சின்னவள் என்று கூப்பிடுகிற பிள்ளை, அரைக்காற்சட்டையும் மருதாணிக் கையுமாகக் குதித்தாள்.

உள்ளே இவர் பல்துலக்கிக்கொண்டிருந்தார். யன்னலால் பார்த்தார். நுரையோடு அப்படியே கக்கூசுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். ஆர்.வி.யில் ஒளிக்க இருந்த ஒரே இடம் அதுதான். கொளுக்கி போட்ட சத்தம் வெளியேவரை கேட்டது.

மகள் பின்னால் வந்து நின்றாள். நான் திரும்பி அவளைப் பார்த்தேன்.

"நான் அவளுக்கு முதலே சொன்னனான்," என்றாள். "ஷீ இஸ் மை கசின், அம்மா. அவளுக்கு அந்த அன்னம் ஒண்டும் விருப்பமில்லை. இஞ்சை வரத்தான் விருப்பம். எல்லாம் முடிஞ்ச பிறகு ஒரு நாள் இஞ்சை கூட்டிக்கொண்டு வரவேணும் எண்டு மாமியிட்டக் கேட்டு வச்சிருந்தவள்."

மச்சாள் ஆர்.வி.யை மேலும் கீழும் பார்த்தார். றோலர் கோஸ்டரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"புளோரிடா நல்லாத்தான் இருக்கு," என்றார்.

 "தேத்தண்ணி குடிக்கிறியளோ மச்சாள்?" என்றேன்.

"குடிப்பம்."

குடித்தார். ஆறுதலாக, கடைசி மிடறுவரை. பிறகு உள்ளே ஏறினார். பூட்டியிருந்த கக்கூசுக் கதவுக்கு முன்னால் போய் நின்றார்.

"தம்பி."

உள்ளே பிரஷ் கீழே விழுந்தது.

"நீ உள்ளுக்க நிக்கிறது எனக்குத் தெரியும். நல்லா நில். எனக்கு இப்ப பேசத் தென்பில்லை. நித்திரை கொண்டிட்டு வந்து பேசுறன்."

சொல்லிவிட்டு எங்கள் கட்டிலில் விழுந்தார். கொண்டை தலையணையில் படாமல் கழுத்து அந்தரத்தில் நின்றது. அப்படியே குறட்டை விடத் தொடங்கினார். பிள்ளைகள் இரண்டும் பார்க்குக்குள் ஓடிவிட்டார்கள். இவர் மெல்லக் கதவைத் திறந்து, தன் அக்காவின் காலடியால் பூனைபோலக் கடந்து வெளியே வந்து, மத்தியானம்வரை மச்சாளின் காருக்குப் பின்னால் நின்றார்.

எழும்பியதும் மச்சாள் சொன்னது போலவே பேசினார். அதையெல்லாம் இங்கே எழுத முடியாது. சுருக்கமாக, இவர் பிறந்த நாளிலிருந்து தொடங்கினார். வழியில் வந்த சித்தப்பா நிலைமையைக் கண்டு திரும்பி நடக்கப் பார்த்தார். "முழங்கால், கவனம்!" என்று மச்சாள் கத்தியதில் அப்படியே நின்றுவிட்டார். மொன்றியல்காரரை அழைப்பித்து, செத்தது ஆர், என்ன வருத்தம் வந்தது, எத்தனை பிள்ளைகள் என்று துக்கம் விசாரித்தார். அந்த மனுசன் எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லப்போய் மேலும் இரண்டு பேரைச் சாகடித்துவிட்டார்.

எல்லாம் முடிந்து, சாப்பிட்டு, பின்னேரம் எல்லாருமாகப் பார்க்குக்குள் போனோம். நானும் மச்சாளும் எதிலும் ஏறவில்லை. பைகளுக்குக் காவல் இருக்க ஆள் வேண்டாமா? றோலர் கோஸ்டருக்குக் கீழே நீளமான மர வாங்கு ஒன்றில், இரண்டு பக்கமும் பைகளும் சப்பாத்துகளும் ஈரத் துவாய்களும் குவிந்திருக்க, இருந்தோம். அவர் கொண்டையிலிருந்து ஒவ்வொரு கிளிப்பாக இழுத்து மடியில் போட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சாள், எங்களில கோவமோ?" என்று கேட்டேன்.

"கோவம்தான்." ஒரு கிளிப் வர மறுத்தது. நான் எட்டி இழுத்துக் கொடுத்தேன். "நீங்கள் வரேல்லை எண்டதில இல்லை. எனக்கும் விருப்பமில்லைதான். பிள்ளைக்கும் விருப்பமில்லை. அவர் பக்கத்துச் சனம்தான் அன்னம், புகை எண்டு நிண்டது. நானும் வருசக்கணக்கா மற்றவையின்ர வீட்டை போய் நிண்டு ஆடினனான். அப்ப என்ர வீட்டை மட்டும் வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது?"

மேலே பெட்டி உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது. அதற்குள் எங்கள் பிள்ளைகள் இருந்தார்கள்.

"உங்களுக்கு மட்டும் எப்பிடி உந்தப் பொய் வந்தது எண்டுதான் எனக்குக் கோவம்," என்றார். "எனக்கு அது வரேல்லையே. நான் ஒருத்தி வராமல் விட்டிருந்தால் சாமத்திய வீடே நடந்திராது."

எனக்குச் சிரிப்பும் வந்தது, என்னவோ செய்யவும் செய்தது. இந்த மனுசி நேற்றுக் கால் தடுமாறி ஆடியதை நாங்கள் கோழிக்கால் கடித்துக்கொண்டு பார்த்தோம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. சில உண்மைகளை அந்த வார இறுதியில் தாங்குகிற நிலையில் எங்கள் குடும்பம் இருக்கவில்லை.

பெட்டி விழுந்தது. எங்கள் தலைக்கு மேலால் குளறிக்கொண்டு போனது. சின்னவளின் குரலை மச்சாள் கண்டுபிடித்துவிட்டார். "பார், என்ன தொண்டை," என்றார். "நேற்று முழுக்க ஒரு சொல்லுக் கதைக்கேல்லை." இறங்கி வந்த பிள்ளை, தலைமயிர் முழுக்க முகத்தில், இன்னொருதரம் ஏறட்டோ என்று கேட்டாள். மச்சாள் கையை மட்டும் அசைத்தார். அவள் ஓடிவிட்டாள். இருட்டுகிறவரை அப்படித்தான் போனது. மச்சாள் அன்று வீட்டுக்குப் போகவில்லை. அத்தான் மண்டபத்து வாடகைச் சாமான்களைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தார். "அவர் பாக்கட்டும்," என்று சொல்லிவிட்டு எங்களோடேயே படுத்தார்.

திங்கட்கிழமை ஆர்.வி.யைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். அதற்கு முன்னால் கழிவு சேருகிற கக்கூசுத் தாங்கியை வெறுமையாக்கவேண்டும் என்று வாடகைக்குத் தந்தவன் சொல்லியிருந்தான். வாசலுக்குப் பக்கத்தில் அதற்கென்று நிலத்தில் ஒரு துளை இருந்தது. ஒரு தடித்த குழாயை எடுத்து ஒரு தலையை ஆர்.வி.யில் பூட்டி, மறுதலையைத் துளைக்குள் விட்டு, ஒரு பிடியை இழுக்கவேண்டும். அவ்வளவுதான். மகள் தன் ரெலிபோனில் காணொளி ஒன்றைக் காட்ட முயன்றாள்.

"எனக்குப் படிப்பிக்காதை," என்றார் இவர். "பஸ் ஓட்டுற எனக்கு உது தெரியாதோ?"

பஸ்ஸில் கக்கூசு இல்லை என்பதை நான் சொல்லவில்லை.

மச்சாள் மடக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து, காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, அதற்கு எதிர்ப்பக்கமாகத் தூரத்தில் போட்டு உட்கார்ந்தார். கையில் தேத்தண்ணி. தலைமயிர் அவிழ்ந்து தோளில் கிடந்தது. சித்தப்பாவும் அன்றைக்கு வேளைக்கே வந்துவிட்டார். பிள்ளைகள் இரண்டும் மூக்கைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு நின்றார்கள்.

இவர் பிடியை இழுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பலமாக இழுத்தார். குழாய் ஒருதரம் உயிர் வந்ததுபோல நிமிர்ந்து நெளிந்தது. துளைக்குள் இருந்த தலை மெல்ல வெளியே எழும்பியது. இவர் அதைப் பிடிக்கப் பாய்ந்தார்.

பாய்ந்திருக்கக் கூடாது.

எங்கள் குடும்பம் முழுவதும், விருந்தாளிகள் உட்பட, மூன்று நாளாகப் பாவித்த கக்கூசு அது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது இவர் இரண்டு கையையும் விரித்தபடி, வாயை இறுக்க மூடியபடி, அசையாமல் நின்றார். பக்கத்து ஆர்.வி.க்கார வெள்ளைக்காரர் ஒருவர் தன் நாயைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

மச்சாள் தேத்தண்ணிக் கோப்பையை நிலத்தில் வைத்தார். சிரிக்கத் தொடங்கினார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சத்தமாக, பிறகு கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, மூச்சு வராமல் சிரித்தார். நேற்று முன்தினம் கமெராவுக்குக் காட்டியது மாதிரி இல்லை. சின்னவள் தன் தாயை ஒரு புதிய ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி," என்றார் மச்சாள், சேலைத் தலைப்பு இல்லாததால் வீட்டுச் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு இப்ப மனம் ஆறிட்டுது."

பிறகு எழும்பி, தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறதென்று தேடி, அதைத் திறந்து, தூரத்தில் நின்றபடியே இவர்மேல் பிடித்தார். தேவைக்கும் கொஞ்சம் கூடுதலான நேரம் பிடித்தார் என்றுதான் நினைக்கிறேன். இவர் திரும்பித் திரும்பி நின்று கொடுத்தார்.